நூலகத்தில் நாடகமா?

கேள்வி: நூலகத்தில் பிள்ளைகளுக்கு நாடகமும் பாட்டும் நடத்தினால் வாசிப்புக் கெடாதா? – வாசகி, சுங்கைப் பட்டாணி

பதில்: கெடாதம்மா, அங்கேதான் வாசிப்பே தொடங்குகிறது. புதுச்சேரியின் சிறுவர் நாடகக் கலைஞர் வேலு சரவணன் 'கடல் பூதம்' நாடகத்தில், பார்க்க வந்த பிள்ளைகளையும் கதைக்குள் இழுத்துக்கொள்வார். அப்படிப் பார்த்த கதையைப் புத்தகத்தில் கண்டால் எந்தப் பிள்ளை விடும்? உங்கள் கெடா மாநிலத்துக்கும் நாடகம் புதிதல்ல. ரப்பர் தோட்டங்களில் கோயில் திருவிழா இரவுகளில் கூத்தும் நாடகமும் நடந்தன. குடும்பங்கள் தோட்டத்தைவிட்டுத் தாமான் எனும் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபின் அந்த மேடை பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பு. அந்த மேடையை நூலகம் தரலாம்; பொது நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமையைத் தமிழ் நிகழ்ச்சிக்குக் கேளுங்கள். உங்கள் ஊர்க்காரர் கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' நாவலிலிருந்தே ஒரு காட்சியைப் பிள்ளைகள் நடிக்கலாம். தப்பும் உறுமியும் வாசிக்கத் தெரிந்த பெரியவர்களையும் அழையுங்கள்.