வால்வை மாற்றும் முன் நீர்மட்டம் பாருங்கள்

கேள்வி: மேட்டூரில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ராக் பேண்ட் நடத்துகிறோம். இரண்டு இஎல்34 வால்வு போட்ட 50 வாட் பழைய கிட்டார் ஆம்ப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். தனியாக வாசித்தால் பிரமாதமாக இருக்கிறது. டிரம்ஸோடு சேர்ந்தால் கிட்டார் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. விடாமல் ஓர் இரைச்சல் வேறு. சாயங்காலம் வாசித்தால் சத்தம் சோர்ந்துபோகிறது. புது வால்வு செட் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். நீங்கள் எழுதிய மூன்று குறைகளுக்கும் காரணம் வால்வுக்கு வெளியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். செலவில்லாத இடத்தில் தொடங்கி, செலவுள்ள இடத்துக்குக் கடைசியாக வருவோம்.

வால்வு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. உங்கள் ஊர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் வேலை சின்னது. அதன் வழியே பாயும் தண்ணீரின் பலம் பெரிது. வால்வுக்குள் இருக்கும் கிரிட் என்ற கம்பிச் சுருள்தான் ஷட்டர். கிட்டாரிலிருந்து வரும் சின்ன அலை கிரிட்டை அசைக்கிறது. 400, 450 வோல்ட் அழுத்தத்தில் காத்திருக்கும் மின்சாரம் அதே அசைவைப் பெரிதாக்கிக்கொண்டு பாய்கிறது. ஷட்டர் முழுக்க ஏறிய பிறகு எவ்வளவு சுற்றினாலும் கூடுதல் தண்ணீர் வராது. வால்வும் அப்படித்தான், எல்லையை நெருங்கும்போது அலையின் முகடு மெல்ல மெல்லத் தட்டையாகிறது. ராக் கிட்டாரின் உயிரான கரகரப்பு அங்கே பிறக்கிறது.

முதலில் நீர்மட்டம்

அணையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது ஷட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாயங்காலம் ஒரே லைனில் மோட்டாரும் ஏசியும் விசைத்தறியும் ஓடினால் வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். 230 வோல்ட் 207 ஆகக் குறைந்தால், வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட்டும் 5.7 பக்கம் வந்துவிடும். உள்ளே இருக்கும் 450 வோல்ட் 405 ஆகிவிடும். சத்தம் சோர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மல்டிமீட்டரில் காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையும் பிளக்கில் அளந்து எழுதி வையுங்கள்.

ஆம்பின் பின்புறம் 220, 230, 240 என்று மாற்றும் வசதி இருந்தால் உங்கள் அளவுக்குப் பொருந்துவதில் வையுங்கள். மாலை வோல்டேஜை நம்பிக் குறைந்த எண்ணில் வைத்துவிடாதீர்கள். நள்ளிரவில் சப்ளை 250-ஐத் தொட்டால் வால்வு வெந்துவிடும். ஏற்ற இறக்கம் அதிகமென்றால் பயிற்சி அறைக்கு சர்வோ ஸ்டெபிலைசர் போடுங்கள். ரிலே வகை வாசிப்பின் நடுவே டக் டக்கென்று தாவும்.

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்பாக இருந்தால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸுக்கும் ஏற்றதுதானா என்று பார்க்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்ததை இங்கே ஓட்டினால் அது அளவுக்கு மீறிச் சூடேறும்.

இரைச்சலின் சுருதியைக் கேளுங்கள்

கிட்டார் கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குறை கிட்டாரிலோ கேபிளிலோ பெடல் அடாப்டரிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் அதன் சுருதியைப் பிடியுங்கள். ஆறாவது ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட்டின் ஜி 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் ஏறக்குறைய அதே சுருதியில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர்கள் வயதாகி வற்றியிருக்கலாம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50 ஹெர்ட்ஸ்; எர்த், வயரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

சூடு 10 டிகிரி கூடினால் இந்தக் கண்டென்சரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் பழைய கணக்கு. நம் சேலம் வெயிலில் 20 வருடம் கிடந்த ஆம்ப் என்றால் வால்வைவிடக் கண்டென்சருக்குத்தான் முதல் வைத்தியம். எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். இரைச்சலைக் குறைக்க பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. உயிரோடு விளையாடும் வேலை அது, ஒருபோதும் செய்யாதீர்கள்.

கூட்டத்தில் தொலையும் கிட்டார்

தனியாக வாசிக்கும்போது பேஸும் டிரபிளும் ஏற்றி மிட்டை இறக்கினால் காதுக்கு இதமாக இருக்கும். பேண்டோடு சேர்ந்ததும் அடிப்பகுதியை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் எடுத்துக்கொள்ளும். மேற்பகுதியை சிம்பல் எடுத்துக்கொள்ளும். கிட்டாருக்கு மிஞ்சும் இடம் மிட்தான். அதையும் இறக்கிவிட்டால் அது எங்கே நிற்கும்? மூன்று நாப்பையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். பேஸை 3 அல்லது 4-க்கு இறக்கி, மிட்டை 7 வரை ஏற்றுங்கள். கெய்ன் வீட்டில் பிடித்த அளவிலிருந்து கால்வாசி குறையட்டும். வால்யூமை ஏற்றி பவர் வால்வுகளுக்கு வேலை கொடுங்கள். தெளிவும் அடியும் அங்கிருந்துதான் வரும்.

இன்னும் கூர்மை வேண்டுமானால் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை முன்னால் போட்டு, அதன் டிரைவை ஏறக்குறைய பூஜ்யத்திலும் லெவலைக் கூடுதலாகவும் வையுங்கள். பேஸைச் சற்று வெட்டி, மிட்டைத் தூக்கி, முதல் வால்வை அது தள்ளிவிடும்.

ஆம்பைத் தரையில் வைத்தால் உங்கள் முழங்கால்தான் கிட்டாரைக் கேட்கும், காதுக்கு வராது. நாற்காலி மேல் வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து வையுங்கள்.

ஸ்பீக்கர்

பழைய ஆம்புக்குப் பணம் போடுவதென்றால் முதல் உரிமை ஸ்பீக்கருக்கே. ஒரு வாட்டில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் தருவதைப் போட்டால், 50 வாட் ஆம்பை 100 வாட் ஆக்கியதற்குச் சமம். வாட் இரட்டித்தால் கூடுவதும் அதே 3 டெசிபல்தான். ஓம் அளவு ஆம்பில் எழுதியிருப்பதோடு பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

கடைசியாக வால்வு

சின்ன வால்வான 12ஏஎக்ஸ்7-ஐ (ஈசிசி83 என்பதும் இதுவே) நீங்களே மாற்றலாம். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, நேராக இழுங்கள். வாசிக்கும்போது பென்சிலால் மெல்லத் தட்டினால் மணி அடிப்பதுபோல் ஒலிக்கும் வால்வை மாற்றுங்கள். கெய்ன் மிஞ்சி நுரைத்தால் முதல் சாக்கெட்டில் 5751 போட்டுப் பாருங்கள். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100 என்றால் இதற்கு 70. பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் கேட்டுப் பாருங்கள். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒருகாலத்தில் தயாரித்த ஈசிசி83 அவர்கள் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பெரிய வால்வு வேறு கதை. இணை பார்த்த ஜோடியாக வாங்கி, பயஸ் வைக்க வேண்டும். வாசிக்காதபோது ஷட்டரை எவ்வளவு திறந்து வைப்பது என்பதே பயஸ். குறைந்தால் ஒலி வறண்டு கீறும். கூடினால் வால்வு சிவந்து சாகும். இஎல்34 தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு வால்வுக்கு 39 மில்லிஆம்பியர். இதற்கு மேல் போக வேண்டாம். இந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 400 வோல்ட் தங்கியிருக்கலாம். தொட்டால் ஆளைக் கொன்றுவிடும்.

ஆம்பின் பின்புறம் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். வாசித்து முடித்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். போனை அறையில் ஒரே இடத்தில் வைத்து, அதே பாட்டை ஒவ்வொரு முறையும் பதிவு செய்து கேளுங்கள். இந்த வாரம் மல்டிமீட்டரும் நாப்பும். அடுத்த வாரம் இரைச்சல். அதன் பிறகும் புது வால்வு வேண்டும் என்று உங்கள் காது சொன்னால் எழுதுங்கள். எந்த ஜோடி வாங்கலாம் என்று சொல்கிறேன்.