மேசை வேலையும் மடி வேலையும்

அன்புத் தங்கைக்கு,

அமெரிக்க வீடுகளில் தலைமுறைதோறும் தைக்கப்பட்டுவரும் குவில்ட் என்னும் போர்வை மூன்று படலங்களால் ஆனது. வண்ணத் துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, கதகதப்புக்காக நடுவில் வைக்கப்படும் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் வரும் துணி ஆகிய மூன்றையும் ஊடுருவி நெருக்கமாக ஓடும் தையலே அவற்றை ஒரே போர்வையாக்குகிறது. இதைத் தைப்பவர் வேலைக்குச் செல்பவராயினும் ஓய்வு பெற்றவராயினும், சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் இடையே கிடைக்கும் அரைமணி, ஒருமணிப் பொழுதுகளை நம்பியே தம் வேலையை நடத்துகிறார். பயணம் ஒன்று குறுக்கிட்டால் அந்த ஒழுங்கு கலைந்துபோகும் என்று தோன்றினாலும், பயணத்துக்கு முந்திய வாரத்தைப் போல அவருடைய கைத்தொழிலின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காட்டும் காலம் வேறில்லை; எந்த வேலை மேசையை விட்டு நகராது, எந்த வேலை மடியில் அமர்ந்து உடன்வரும் என்று பிரித்தறியாமல் அவரால் பையைக் கட்ட முடியாது. தையல் கற்கத் தொடங்கியிருக்கும் தங்கை முதலில் பழக வேண்டியது இந்தப் பகுப்பையே.

மேசை வேலைகளுள் தலையாயது வெட்டுதல். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய சுழல் கத்தி, அதாவது கைப்பிடியின் நுனியில் கூரிய வட்டத் தகடு உருண்டுகொண்டே துணியை அறுக்கும் கருவி, பரவிய பிறகு கத்தரிக்கோலால் ஒவ்வொரு துண்டாக வெட்டும் வழக்கம் பெரும்பாலும் குறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கத்திக்கு அடியில் விரிக்கத் தனி விரிப்பும், மேலே அழுத்திப் பிடிக்கக் கனமான ஒளிபுகும் அளவுகோலும், இடுப்பளவு உயரமுள்ள மேசையும் வேண்டும். அவை எதுவும் பயணப் பைக்குள் அடங்குவதில்லை. வெட்டும்போது நேரும் பிழையைப் பின்னால் தைக்கும்போது மறைக்கவும் முடியாது. துண்டின் ஓரத்தில் தையலுக்கென விடப்படும் துணி கால் அங்குலம் என்பது இக்கலையில் வேரூன்றிய அளவு. தைக்கும்போது அது 1/16 அங்குலம் கூடிப்போனாலும் தையலின் இருபுறத் துண்டுகளும் அவ்வளவு இழப்பதால், 8 துண்டுகள் கொண்ட ஒரே வரிசை ஏறத்தாழ 1 அங்குலம் குறுகிவிடும். பக்கத்து வரிசையோடு அதைச் சேர்க்க முயலும்போதுதான் பிழை கண்ணில் படும். ஆகவே ஊருக்குப் புறப்படும் முன் வெட்டும் வேலையை முடித்து, துண்டுகளை எண்ணி, வடிவ வாரியாகச் சிறு பைகளில் அடுக்கிவைப்பதுதான் முறையான ஆயத்தம். கிராஸ் எனப்படும் கோண வாட்டத்தில் வெட்டிய முக்கோணங்களை மட்டும் இதிலிருந்து விலக்க வேண்டும். அவை இழுத்தால் நீளும் இயல்புடையவை, பைக்குள் கசங்கியபடி நாட்கணக்கில் கிடந்தால் வடிவம் கெட்டுவிடும்.

மூன்று படலங்களையும் தரையில் விரித்துச் சுருக்கமின்றி ஊசிகளால் பிணைப்பதும், பிணைத்ததை இயந்திரத்தில் தைப்பதும் அவ்வாறே வீட்டோடு நிற்பவை. பயணத்துக்கு முந்திய இரவுகளில் பலர் இந்த இயந்திரத் தையலை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று கண்விழிக்கிறார்கள். அது வேண்டாத அவசரம். களைத்த கை இழுக்கும் இழுப்பில் அடித்துணி மடிந்து தையலுக்குள் சிக்கிக்கொண்டால், அதைப் பிரிப்பதற்குத் தைத்த நேரத்தைப் போலப் பன்மடங்கு நேரம் செலவாகும். பாதியில் நிற்கும் போர்வையை அப்படியே விட்டுச்செல்வதில் குறைவொன்றும் இல்லை; விட்டுச்செல்லும் முறை ஒன்று உண்டு, அது பின்னர்க் கூறப்படும்.

இனி மடி வேலை. தையல் முடிந்த போர்வையின் நான்கு ஓரங்களையும் மூடும் நீண்ட பட்டியை முன்புறத்தில் இயந்திரத்தால் இணைத்து, பின்புறம் மடித்துக் கையால் தைத்து முடிப்பது வழக்கம். பக்கத்துக்கு 90 அங்குலம் உள்ள கட்டில் போர்வை ஒன்றின் சுற்றளவு 360 அங்குலம், அதாவது 10 கெஜம். அவ்வளவையும் கண்ணுக்குத் தெரியாத சிறு தையலாக இடுவது பொறுமையும் நேரமும் கேட்கும் பணி என்பதால் நெடும்பயணத்துக்கு ஏற்றதாகத் தோன்றும். ஆனால் முழுப் போர்வையும் மடியில் ஏறிவிடும். குளிர்காலக் கார்ப் பயணத்தில் அது இதம்; கோடையிலும், முழங்கை நகர்த்த இடமில்லாத விமான இருக்கையிலும் அது துன்பம்.

எங்கும் எடுத்துச்செல்லத்தக்க வேலை என்று அனுபவமுள்ளவர்கள் மதிப்பது ஆங்கிலேயக் காகித ஒட்டுமுறை. தேவையான வடிவத்தில், பெரும்பாலும் அறுகோணமாக, தடித்த காகிதத்தை வெட்டி, அதைவிடச் சற்றுப் பெரிய துணித் துண்டை அதன்மேல் வைத்து, ஓரங்களைக் காகிதத்தின் பின்பக்கம் மடித்துத் தற்காலிகத் தையலால் நிறுத்த வேண்டும். இவ்வாறு ஆயத்தமான இரண்டு அறுகோணங்களை முகத்தோடு முகம் வைத்து, விளிம்பின் ஓரிரு இழைகளை மட்டும் ஊசியால் அள்ளிச் சுற்றித் தைத்து இணைக்கலாம். ஓர் அறுகோணத்தின் ஆறு பக்கங்களிலும் அண்டைத் துண்டுகள் சேர்ந்த பிறகே அதன் காகிதம் உருவப்படும். அதுவரை வடிவத்தைக் காகிதமே காத்து நிற்பதால், ஓடும் வண்டியின் குலுக்கலிலும் அளவு பிசகுவதில்லை.

இம்முறையின் பழமைக்குச் சான்று பிரிட்டனில் இருக்கிறது. அந்நாட்டின் குவில்ட் தைப்போர் சங்கத்தின் சேகரிப்பில் உள்ள பட்டுப் போர்த்துணி ஒன்றில் 1718 என்னும் ஆண்டு துணியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. காகிதங்கள் பல இன்னும் அதனுள்ளேயே தங்கியுள்ளன. காகிதம் அருமையாக இருந்த அக்காலங்களில் பழைய கடிதங்களும் கணக்கேடுகளும் செய்தித்தாள்களும் இவ்வாறு வெட்டப்பட்டதால், உருவப்படாத காகிதங்களின் எழுத்தைக் கொண்டு ஒரு போர்வை எந்த ஆண்டுக்கு முன் தைக்கப்பட்டிருக்க முடியாது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அமெரிக்காவில் கோடீஸ் லேடீஸ் புக் என்னும் மகளிர் இதழ் 1835இல் அறுகோண ஒட்டுவேலையை வெளியிட்டது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1930களில், நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக ஏழு அறுகோணங்களில் தொடங்கி வட்டம் வட்டமாக விரியும் பாட்டியின் பூந்தோட்டம் என்னும் அமைப்பு அந்நாடெங்கும் பரவியது.

எண்ணிக்கையை முன்கூட்டிக் கணக்கிடுவது ஆயத்தத்தின் உயிர்நாடி. பக்கம் 1 அங்குலமுள்ள அறுகோணத்துக்கு 2½ அங்குலச் சதுரத் துணி போதும். அமெரிக்கக் கடைகளில் கால் கெஜத்தை 18க்கு 22 அங்குல அளவில் வெட்டி விற்கும் துண்டு ஒன்றிலிருந்து இத்தகைய 56 சதுரங்கள் கிடைக்கும், அவை ஏழு அறுகோணங்கள் கொண்ட எட்டுப் பூக்களுக்குச் சரியாக இருக்கும். கட்டில் போர்வை முழுவதற்கும் 3,000க்கு மேற்பட்ட அறுகோணங்கள் தேவைப்படுவதால், ஒரு பயணத்துக்குள் முடிக்கும் எண்ணத்தோடு யாரும் இதைத் தொடங்குவதில்லை. பயணங்களில் மட்டுமே வளரும் போர்வை ஒன்றைப் பலர் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

கருவிகள் சிலவே. கையால் இணைக்கும் ஊசிகளில் எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை அறிந்து, 10ஆம் எண்ணுக்கு அண்மையிலுள்ள மெல்லிய ஊசிகளை, தொலையும் என்று எதிர்பார்த்தே, கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா நிறத் துணியிலும் ஓரளவு மறையும் சாம்பல் நிற நூல் ஒரு கண்டு, அங்குஸ்தான் என்னும் விரலுறை, சிறிய கத்தரிக்கோல், ஊசிகளைக் குத்திவைக்கக் கம்பளித் துண்டு ஆகியவற்றோடு பை நிறைவு பெறும். 2001ஆம் ஆண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு அமெரிக்க விமானங்களில் கைப்பையில் கத்தரிக்கோல் தடை செய்யப்பட்டு, 2005 டிசம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. இரு அலகுகளும் சேரும் திருகிலிருந்து 4 அங்குலத்துக்குக் குறைவான அலகுள்ளதை அங்கே இப்போது உடன்கொண்டு செல்லலாம், ஊசிகளுக்கும் தடையில்லை. சுழல் கத்தியோ சரக்கறைக்குச் செல்லும் பெட்டிக்குள்தான் போக வேண்டும். நாட்டுக்கு நாடு விதி வேறுபடுவதால், இழந்தால் வருந்த நேராத மலிவான கத்தரியை எடுத்துச்செல்வதே நல்லது.

பயணத்துக்கான தையல் பை வரலாற்றில் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறது என்பதை அறிய விரும்பும் தங்கை, 1841ஆம் ஆண்டின் ராஜா என்னும் கப்பலைப் பற்றிப் படிக்க வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இங்கிலாந்தின் வூலிச் துறையிலிருந்து தண்டனை பெற்ற 180 பெண்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அக்கப்பல், இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவிலுள்ள ஹோபர்ட் நகரை ஜூலை 19 அன்று அடைந்தது. சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்த எலிசபெத் ஃபிரை அம்மையாரின் முயற்சியில் உருவான மகளிர் சங்கம், இவ்வாறு அனுப்பப்படும் பெண்களுக்கு 100 ஊசிகள், குண்டூசிகள், பல நிற நூல்கள், விரலுறை, கத்தரிக்கோல், ஒட்டுவேலைக்கான துணித் துண்டுகள் 2 பவுண்டு என்று கணக்கிட்டுப் பைகளை வழங்கிவந்தது. அந்தத் துண்டுகளைக் கொண்டு, கெசையா ஹேட்டர் என்னும் மேற்பார்வையாளரின் துணையோடு, கடல்மேல் கழிந்த மூன்றரை மாதத்துக்குள் அப்பெண்கள் 2,815 துண்டுகளாலான பெரிய போர்த்துணி ஒன்றைத் தைத்து முடித்தார்கள். நடுவில் பஞ்சு விரிப்பு இல்லாததால் அதைக் கண்டிப்பான பொருளில் குவில்ட் எனச் சொல்ல இயலாது என்றாலும், ராஜா குவில்ட் என்ற பெயரே நிலைத்துவிட்டது. இன்று அது கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் அரிய உடைமைகளுள் ஒன்று. பயணம் தொடங்குமுன் கரையில் இருந்தவர்கள் தேவையை எண்ணிப் பார்த்து ஊசியையும் நூலையும் பகிர்ந்தளித்திராவிட்டால் அந்தப் படைப்பு தோன்றியிருக்காது. அதைத் தைத்த கைகளுள் எந்தத் துண்டு யாருடையது என்பதற்கு அடையாளம் இல்லாமற்போனது நெஞ்சை வருத்தும் இழப்பு.

அதே நூற்றாண்டின் நடுவில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஒரெகான் நோக்கி ஏறத்தாழ 2,000 மைல் மாட்டுவண்டியில் சென்ற அமெரிக்கக் குடும்பங்களிலோ, போர்வையே பயணத்தின் முதன்மையான ஆயத்தங்களுள் ஒன்றாக இருந்தது. நான்கு முதல் ஆறு மாதம் நீளும் அந்த வழியில் போர்வைகள் படுக்கையாயின, வண்டியின் பக்கங்களில் தொங்கி மணற்காற்றைத் தடுத்தன, பீங்கான் பாத்திரங்களைச் சுற்றிக் காத்தன. வழியில் இறந்தவர்களைப் பலகை கிடைக்காத இடத்தில் போர்த்திப் புதைக்கவும் அவையே உதவின. புறப்படும் பெண்ணுக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு கட்டம் தைத்து, அழியாத மையால் தம் பெயரை எழுதி இணைத்துத் தந்த நட்புப் போர்வைகள் 1840களில் பெருவழக்காக இருந்தன. இனி நேரில் காண வாய்ப்பில்லை என்று தெரிந்தே எழுதப்பட்ட பெயர்கள் அவை; அத்தகையவற்றை அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்காமல் பெட்டிக்குள் வைத்துக் காத்ததனாலேயே பல இன்றும் எஞ்சியிருக்கின்றன.

வீட்டில் விட்டுச்செல்லும் வேலைக்கும் கவனிப்பு வேண்டும். கையால் தைக்கும்போது துணியை விறைப்பாக நிறுத்தும் வட்டச் சட்டத்தில் போர்வையை மாட்டியபடி விட்டுப் போனால், விளிம்புத் தடம் பதிந்து துணியும் நீண்டுவிடும். ஆகவே சட்டத்தைக் கழற்றிவிட வேண்டும். ஈரப்பதமுள்ள ஊராயின் துருப்பிடிக்கக்கூடிய ஊசிகளை எடுத்துவிடுவது நலம். நீரில் கரையும் நீலமையால் கோடு வரைந்திருந்தால் சூடு பட்டால் அது நிலைத்துவிடக் கூடும் என்பதால், வெயில் விழும் சன்னலோரத்தில் போர்வையை வைக்கக் கூடாது. மடிப்பதைவிடச் சுருட்டுவது மேல். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துவைக்கும், பருத்தித் தலையணை உறையே போதும்.

இவற்றோடு, இயந்திரத்தின் மீது ஒரு சீட்டு இருக்க வேண்டும். தையலின் நீளம், நூலின் நிறமும் எண்ணும், மாட்டியிருக்கும் ஊசியின் வகை, அடுத்து தைக்க வேண்டிய வரிசை ஆகியவற்றை அதில் எழுதிவைத்தால், திரும்பி வந்து தொடரும் தையலுக்கும் முந்தியதற்கும் வேறுபாடு தெரியாது. சீட்டின் படி ஒன்றில் இன்னும் தேவைப்படும் துணியின் அளவைக் குறித்து, ஒவ்வொரு துணியிலிருந்தும் விரலளவு நறுக்கை ஊசியால் கோத்துப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பயணங்களில் வழியெங்கும் குவில்ட் துணிக் கடைகள் உண்டு. 1991இல் திறக்கப்பட்ட தேசிய குவில்ட் அருங்காட்சியகத்தைக் காண உலகெங்குமிருந்து ஆட்கள் வரும் கென்டக்கியின் பதுக்கா நகரம் போன்ற இடங்களில், கடைக்குள் நுழைந்தவுடன் கண் மயங்கித் தேவையற்றதை வாங்கிவிடுவது எளிது. கையில் நறுக்கும் அளவும் இருந்தால், அதே நிறத்துக்கு இயைந்த துணியைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, குறித்த அளவோடு கால் கெஜம் சேர்த்து வாங்கலாம்.

அன்புடன்,
அக்கா