பெரிய காலிப்பர் போட்டால் பிரேக் சரியாகுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஏபிஎஸ் இல்லாத பழைய சின்ன கார். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் சரியாகிவிடுகிறது. அதே கம்பெனியின் பெரிய காரிலிருந்து கழற்றிய காலிப்பர்கள் காயலான் கடையில் கிடைக்கின்றன. வாங்கிப் போடலாமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் கோளாறு காலிப்பரில் இல்லை. பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது என்று சொல்லலாம். பெடல் மெத்தென்று இறங்கினால், பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதிக்கிறது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகம் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரிக்கு மேல் உத்தரவாதம் இல்லை. கொதித்ததும் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. நீங்கள் மிதிக்கும் அழுத்தமெல்லாம் அவற்றை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. ஆறியதும் குமிழ் மறைந்துவிடும். பட்டறையில் வண்டியை விட்டால் 'பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது' என்று திருப்பி அனுப்புவதும் அதனால்தான்.

பெரிய காலிப்பர் இந்தச் சூட்டைக் குறைக்காது. சூட்டை வாங்கி வெளியே விடுவது டிஸ்க்; அதன் எடையும் அகலமும்தான் அங்கே கணக்கு. காலிப்பரின் பிஸ்டன் 48 மில்லிமீட்டரிலிருந்து 54 ஆனால் அதன் பரப்பு சுமார் 27 சதவீதம் கூடும். பிடியும் அதே அளவு கூடும், உண்மைதான். ஆனால் அதை நகர்த்த ஆயிலும் அவ்வளவு கூடுதலாக வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். பின்பக்க டிரம்மின் பிடி மாறாமல் முன்பக்கம் மட்டும் இறுகினால், மழை ஈரத்தில் முன்சக்கரங்கள் சீக்கிரமே லாக் ஆகும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும்.

போல்ட் துளைகள் பொருந்துவதை மட்டும் நம்பிப் பூட்டிவிடுகிறார்கள். 14 அங்குல ரிம்முக்குள் காலிப்பர் உரசாமல் சுற்ற இடம் வேண்டும். பேட் முழுவதும் டிஸ்க்கின் மேல் உட்கார வேண்டும். இடது வலது மாற்றிப் பூட்டினால் ஆயில் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் காற்று மேலேயே தங்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்க இதுவும் இடம் கொடுக்கும்.

இப்போதைக்கு பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, மூடியில் எழுதியிருக்கும் ரகத்தையே புதிதாக ஊற்றுங்கள். தேய்ந்த பேடை மாற்றி, காலிப்பர் பின்கள் தடையில்லாமல் நகர்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது முடியும்வரை அந்த வண்டியில் மலைக்குப் போகாதீர்கள்.