முதல் மாதம் பார்த்தால் போதும்

மதுரை,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. புது வேலையில் உன்னைக் கிளவுட் டீமில் போட்டிருக்கிறார்கள், அஸூரை இனி பவர்ஷெல் வழியாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம் என்று உன் அப்பா சொன்னான். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று ஓடிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

இன்ஸ்டால் செய்வதெல்லாம் சின்ன வேலை. விண்டோஸோடு வருகிற 5.1 பவர்ஷெல் வேண்டாம், 7-ஐத் தனியாகப் போட்டுக்கொள். அதில் அஸூருக்கான 'ஏஇசட்' மாட்யூலை உன் யூசருக்கு மட்டும் போடு. அட்மின் உரிமை கேட்டு யார் பின்னாலும் அலைய வேண்டியதில்லை. டீமில் யாராவது ஒரு பழைய ஸ்கிரிப்டைக் கையில் கொடுப்பார்கள். கமாண்ட் பெயர்களுக்குள் 'அஸூர்ஆர்எம்' என்று இருந்தால் அது பழைய மாட்யூலுக்கு எழுதியது. 2024 பிப்ரவரி 29-ஓடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. அந்த ஒரு ஸ்கிரிப்டுக்காகப் பழையதையும் பக்கத்தில் போட்டுவைக்காதே, இரண்டும் முட்டிக்கொள்ளும். ஸ்கிரிப்டைத் திருத்து.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பவர்ஷெல்லில் கமாண்டுகள் வினைச்சொல்லில் தொடங்கும். கெட் என்றால் பார்ப்பது, நியூ உண்டாக்குவது, செட் மாற்றுவது, ரிமூவ் அழிப்பது. முதல் மாதம் கெட் தவிர எதையும் தொடாதே. தொட முடியாதபடியும் செய்துகொள். மேனேஜரிடம் போய், 'எனக்கு ரீடர் ரோல் மட்டும் போதும்' என்று நீயே கேள். கான்ட்ரிபியூட்டர் தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல். கூடுதல் உரிமை கிடைப்பது கௌரவம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

2019-இல் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் ஏதோ கணக்குப் பார்க்க புரொடக்ஷன் சப்ஸ்கிரிப்ஷனுக்குள் போயிருந்தேன். சாயங்காலம் புது விண்டோ திறந்து, டெஸ்ட் ரிசோர்ஸ் குரூப்பை அழிக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினேன். புது விண்டோ என்றால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று என் நினைப்பு. ஏஇசட் மாட்யூல் அப்படி இல்லை. கடைசியாக எந்த சப்ஸ்கிரிப்ஷனில் நின்றாயோ அதைக் கம்ப்யூட்டரில் எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த விண்டோவிலும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும். இரண்டு பக்கமும் குரூப்பின் பெயர் ஒன்றே. 'நிச்சயமா?' என்று கேட்பது தொந்தரவாக இருக்கிறதென்று ஸ்கிரிப்டில் 'ஃபோர்ஸ்' வேறு சேர்த்திருந்தேன். கேட்டிருந்தாலும் குரூப்பின் பெயரைத்தான் காட்டியிருக்கும், நானும் 'எஸ்' அடித்திருப்பேன். குரூப் போனால் அதற்குள் இருக்கிற சர்வர், டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் போகும். பேக்கப் வேறு குரூப்பில் இருந்ததால் பிழைத்தேன். ஞாயிறு மதியம்வரை நாலு பேர் உட்கார்ந்து மீட்டோம். அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு உன் பெரியம்மா தனியாகப் போய் வந்தாள். இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த ஸ்கிரிப்டும், முதல் வேலையாக, நிற்கிற சப்ஸ்கிரிப்ஷனின் ஐடி சரிதானா என்று பார்க்கும். வேறாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பெயரை நம்பாதே, ஐடியை எழுது. இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அந்த வழக்கத்தையே நிறுத்தவும் ஒரு கமாண்ட் இருக்கிறது. நிறுத்தினால் ஒவ்வொரு விண்டோவிலும் லாகின் செய்ய வேண்டிவரும். செய்தால் என்ன?

'வாட்இஃப்' பற்றி எல்லோரும் சொல்வார்கள். கமாண்டின் வாலில் அதைச் சேர்த்தால், எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் சொல்லும். நல்ல சாதனம்தான். ஆனால் குரூப்பை அழிக்கும் கமாண்டோடு போட்டால் குரூப்பின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும், உள்ளே இருப்பதை எடுத்துக்காட்டாது. உள்ளே என்ன இருக்கிறதென்று கெட் போட்டு நீதான் பார்க்க வேண்டும். புரொடக்ஷன் குரூப்புகளுக்கு டெலிட் லாக் போடச் சொல்லி டீமில் கேள். லாக் இருக்கும்வரை 'ஃபோர்ஸ்' போட்டாலும் அழியாது. எனக்கு இது 2019-க்கு முன்பே தெரியும் என்பதுதான் வெட்கம்.

கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு மாதம் முழுக்க என்ன செய்வது என்று கேட்பாய். பில்லைப் படி. சர்வருக்குள் போய் ஷட்டவுன் கொடுத்தவர்கள் செலவு நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். நிற்காது. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் வாடகை நிற்குமா? போர்ட்டலிலோ பவர்ஷெல்லின் ஸ்டாப் கமாண்டாலோ நிறுத்தினால்தான் அஸூர் அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்போதும் டிஸ்குக்குக் காசு உண்டு. பவர்ஷெல்லில் உண்டாக்கிய சர்வரைப் பின்னால் அழிக்கும்போது, முன்பே சொல்லிவைக்காவிட்டால் டிஸ்க் தங்கிவிடும். இப்படி அனாதையாகக் கிடக்கிற டிஸ்குகள் எந்தக் கம்பெனியிலும் இருக்கும். யாரும் தேடுவதில்லை.

உன் முதல் ஸ்கிரிப்ட் அதுவாக இருக்கட்டும். டிஸ்குகளை எல்லாம் கெட் போட்டு எடு, எந்தச் சர்வரோடும் ஒட்டாதவற்றைப் பிரி, சிஎஸ்வி-யாக இறக்கு. பத்து வரிகூட வராது. பவர்ஷெல் கொடுப்பது வெறும் எழுத்து வரிகள் அல்ல, பொருள்கள். டிஸ்கின் அளவையோ நிலையையோ பெயர் சொல்லிக் கேட்டால் தரும், வரியை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. பவர்ஷெல்லை உருவாக்கிய ஜெஃப்ரி ஸ்னோவர் இந்த யோசனையை 2002-இல் எழுதிவைத்தபோது அஸூர் என்ற பெயரே கிடையாது. பட்டியலில் இடம் என்ற பகுதியில் சௌத் இந்தியா என்று இருந்தால் அது சென்னை. சென்ட்ரல் இந்தியா என்றதும் நாக்பூர் பக்கம் தேடாதே, அது புனே.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதாதே. டெஸ்டுக்காக ஒரே ஒரு நாள் என்றாலும் எழுதாதே. ஸ்கிரிப்ட் அஸூருக்குள்ளேயே ஓடுமானால், பாஸ்வேர்டே தேவைப்படாத மேனேஜ்டு ஐடென்டிட்டி கேட்டு வாங்கு.

டிஸ்க் பட்டியல் தயாரானதும் எதையும் அழிக்காமல் மேனேஜரிடம் கொடு. தீபாவளிக்கு வரும்போது அந்த ஸ்கிரிப்டை லேப்டாப்பில் கொண்டுவா, எனக்கும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா