வகுப்புக்கு ஒரு ஃபிலிம் கேமரா

கேள்வி: புகைப்படப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். முதல் பருவம் முழுக்கக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில்தான் எடுக்க வேண்டுமாம். "மேனுவல் எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான். பென்டாக்ஸ் கே1000 வாங்கு என்கிறார் ஒருவர். கேனான் ஏஇ-1 வாங்கு என்கிறார் இன்னொருவர். எதை வாங்கலாம்?
வாசகி, திருச்சி

பதில்: ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஃபோகஸ் இவற்றை மாணவர் தம் கையால் மாற்ற வேண்டும், மாற்றியதன் பலன் ஃபிலிமில் தெரிய வேண்டும். வகுப்பு கேட்பது இவ்வளவுதான். பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடுகிற கேமராவாக இருந்தால் இன்னும் நல்லது.

கே1000-க்குப் பெயர் வந்ததும் இதனால்தான். 1976-இல் வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த கேமரா அது. 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் பேட்டரியின் வேலை லைட் மீட்டருக்கு மட்டும். வ்யூஃபைண்டரில் பார்த்தால் வலப்பக்கம் ஒரு முள் ஏறி இறங்கும். வேகத்தையோ அப்பர்ச்சரையோ திருப்பி முள்ளை நடுவில் நிறுத்தினால் வெளிச்சக் கணக்கு சரி. ஒரு ஸ்டாப் கூட்டினால் முள் எவ்வளவு நகர்கிறது என்று கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஆனால் அந்தப் பெயருக்கும் சேர்த்தே இன்று விலை சொல்கிறார்கள். பென்டாக்ஸ் கேஎம் என்ற மாடலிலிருந்து செல்ஃப் டைமர் போன்ற சில வசதிகளை எடுத்துவிட்டுச் செய்ததுதான் கே1000. ஆகவே கேஎம் கிடைத்தால் தயங்கவே வேண்டாம். ரிக்கோ கேஆர்-5, சில சினான் மாடல்கள் ஆகியவற்றிலும் அதே கே மவுண்ட் லென்ஸ் பொருந்தும். பெயர் பெறாததால் இவை மலிவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

நிக்கான் எஃப்எம்10-உம் வகுப்புக்கு ஏற்றது. நிக்கானுக்காக கொசினா நிறுவனம் செய்து கொடுத்தது. பாடி பிளாஸ்டிக், எடை குறைவு, ஷட்டர் மெக்கானிக்கல். இதை வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. வீட்டில் இருக்கும் டிஜிட்டல் நிக்கானின் 18-55 லென்ஸை இதில் மாட்டிவிடலாம், ஆனால் பயன் இல்லை. அந்த லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் கிடையாது, 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தை முழுதாக நிரப்பவும் அதனால் முடியாது. வளையம் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸைத் தேட வேண்டும். எஃப்/1.4-க்கு ஆசைப்படாமல் எஃப்/1.8 அல்லது எஃப்/2 வாங்கினால் மிச்சமாகும் பணம் சில ரோல்களுக்கு ஆகும்.

ஏஇ-1 அழகான கேமராதான். ஆனால் அதன் ஷட்டர் மின்னணு. 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் படமே எடுக்காது. மேனுவலில் வைத்து எடுக்கும்போது, எந்த அப்பர்ச்சர் வேண்டும் என்று மீட்டர் காட்டுமே தவிர, நாம் எதை வைத்திருக்கிறோம் என்பது வ்யூஃபைண்டரில் தெரியாது. ஒவ்வொரு முறையும் கண்ணை எடுத்து வளையத்தைப் பார்க்க வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்கு இது தொல்லை.

விலை குறைவு என்று பழைய ரஷ்ய ஸெனிட்-இ-யைக் காட்டுவார்கள். அதோடு வரும் ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ் அருமையானது. ஆனால் ஷட்டர் வேகம் 1/30-இல் தொடங்கி 1/500-இல் முடிந்துவிடும். ஓடும் தண்ணீரை 1/4 நொடியில் எடுத்து வா என்று ஆசிரியர் சொன்னால் வழி இருக்காது. மினோல்டா எஸ்ஆர்டி-101 போன்றவற்றில் வேறு சிக்கல்: அவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை, அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. சாதாரண 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் கொடுக்கும். சிறு வளையம் வைத்து அதைப் பொருத்திக்கொள்ளலாம்.

மாடலைவிட முக்கியம், கையில் எடுக்கும் அந்த ஒரு கேமராவின் நிலை. கடையிலேயே பின்கதவைத் திறந்து, வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்திக் கேட்க வேண்டும். பழைய எண்ணெய் கெட்டிப்பட்டிருந்தால் மெதுவான வேகங்களில்தான் முதலில் தெரியும்: திரை பாதியில் நிற்கும், அல்லது இழுத்து இழுத்து மூடும். கதவின் ஓரங்களில் உள்ள ஸ்பாஞ்சை விரல் நுனியால் தொட்டுப் பார்க்கலாம். தார் மாதிரி ஒட்டினால் அதை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் கசிந்து படம் கெடும். மாற்ற அதிகம் செலவாகாது, அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். பிறகு லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸ் வேண்டாம்.

இருக்கும் பணம் முழுவதையும் பாடியில் போட்டுவிடுவது பெரிய தவறு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த காலம் போய்விட்டது. இல்ஃபோர்டு, கோடாக் என்று இன்று கடையில் கிடைப்பவை இறக்குமதி ரோல்கள். கழுவும் செலவும் தனி. படிக்கிறவருக்கு கென்ட்மியர் 400 போன்ற விலை குறைந்த கறுப்பு-வெள்ளை ஃபிலிமே தாராளம். வகுப்பில் நாலு பேர் சேர்ந்து 100 அடிச் சுருளாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் 36 படம் கொண்ட ரோல்கள் ஏறக்குறைய 18 கிடைக்கும்.

கேள்வி: அப்பா வைத்திருந்த யாஷிகா எம்எஃப்-2 வீட்டில் இருக்கிறது. அதை வைத்தே சமாளிக்க முடியாதா?

பதில்: வகுப்புக்கு முடியாது. கூர்மையைச் சரிசெய்யவோ ஷட்டர் வேகத்தைத் தேர்ந்தெடுக்கவோ அதில் வழி இல்லை. கடைகளில் புதிதாகக் கிடைக்கும் கோடாக் எக்டார் எச்35-க்கும் இதே பதில்தான். 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17 தரமான புதுக் கேமரா. ஆனால் அதுவும் வெளிச்சக் கணக்கைத் தானே போட்டுக்கொள்வது, விலையும் அதிகம். எம்எஃப்-2-ஐத் தூக்கிப் போட வேண்டாம். வீட்டு விசேஷங்களில் படம் எடுக்க அது இன்றும் உதவும்.

கேள்வி: வாங்கிய பிறகு எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டக் கூடாது, ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். நிறம் மாறும் வகை ஜெல்லாக வாங்கினால் எப்போது மாற்றுவது என்று அதுவே காட்டிவிடும். வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு ரோல் முழுக்க எடுத்துக் கழுவிப் பார்த்துவிட வேண்டும். அதுவரை திருப்பிக் கொடுக்க அனுமதிக்கும் கடையில் வாங்குவது நல்லது.