மூர் மார்க்கெட் கற்றுத் தரும் பாடம்

சென்னை மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டிய மூர் மார்க்கெட், 1900-ல் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே திறக்கப்பட்டது. பழைய புத்தகம் முதல் வளர்ப்புப் பிராணிகள் வரை ஒரே கூரையின் கீழ் விற்பனையாயின.

1985 மே 30-ல் நேர்ந்த தீவிபத்தில் அங்காடி அழிந்தது. அவ்விடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினர்.

ஒரே கூரையின் கீழ் வியாபாரம் செய்யும் நமக்கு, பக்கத்துக் கடைத் தீயும் நம் தீயே. சரக்கின் முழு மதிப்புக்கும் தீக்காப்பீடு எடுப்போம். பத்து லட்ச ரூபாய் சரக்கை ஐந்து லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தால், இரண்டு லட்சம் நஷ்டத்துக்குப் பொதுவாக ஒரு லட்சமே கிடைக்கும்.

இருப்புக் கணக்கின் நகலை வீட்டில் வைப்போம். கடை எரிந்தாலும் கணக்கு மிஞ்ச வேண்டும்.