முகூர்த்தத்துக்குப் பூக்கட்டுவோம் வாங்க

கல்யாண அலங்காரத்துக்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. அதைப் பார்த்துத்தான் எங்கள் மன்றத்தில் பூக்கட்டும் வகுப்பு நடத்துகிறேன். மணவறை முழுவதையும் நாமே செய்ய வேண்டியதில்லை. மணமக்களுக்கு இரண்டு மாலை, மேடைக்கு நாலு பூச்சாடி, சீர்தட்டுகளுக்குச் சரம். ஆறேழு இளைஞர்கள் உட்கார்ந்தால் இதை ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். வகுப்புக்கு வர முடியாத தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு என்றால், அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாங்க. கேமரன் மலைச் செவ்வந்தியையும் ரோஜாவையும் இரண்டு நாள் முன்னாடியே வாங்கலாம். வாங்கியதும் காம்பைச் சாய்வாக வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்துங்க. தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளி எறிஞ்சிடணும். அவை அழுகினால் கிருமி பெருகிக் காம்பை அடைக்கும், பூ தலை தொங்கிவிடும்.

மல்லிகை வேற மாதிரி. அது ராத்திரியில் விரியும் பூ. முதல் நாள் மொட்டாக வாங்கி, சாயங்காலத்துக்குள் கட்டிவிடணும். தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிற பூ என்பதால் பூக்கடை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைங்க. கட்டிய சரத்தை ஈரத்துணியில் சுற்றி ஐஸ்பெட்டியில் வைக்கலாம். பூவின் மேலேயே தண்ணீர் தேங்கினால் இதழ் பழுப்பாகிவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று: பழத்தட்டையும் பூவையும் ஒரே அறையில் பூட்டி வைப்பது. பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும். ஆர்கிட் பூவுக்கு அது ஆகவே ஆகாது, சீக்கிரம் வாடும். ஐஸ்பெட்டிக்கும் இதே விதிதான்.

இனி முடிச்சு. வாழைநாரை நனைத்துக்கொள்ளுங்க. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் பார்க்கணும். காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. நாரால் ஒரு சுற்று. பிறகு விரலில் ஒரு வளையம் போட்டு, அதைக் காம்புகள் மேல் மாட்டி இழுங்க. அதிகம் இறுக்கினால் காம்பு அறுந்துபோகும், தளர்ந்தால் மணவறையில் பூ உதிரும். அந்த அளவு கைக்குத்தான் தெரியும். முதல் இரண்டு முழம் கோணலாகத்தான் வரும், வரட்டும். ஆண் பிள்ளைகள் கூச்சப்பட வேண்டாம். கோயில்களில் மாலை கட்டுபவர்களில் ஆண்களும் நிறைய உண்டு.

மாலையைக் கனமாகக் கட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொண்ணு அதைத் தூக்கி மாப்பிள்ளை கழுத்தில் போடணும், அப்புறம் இரண்டு பேரும் அதோடு ஓமத்துக்கு முன்னால் உட்காரணும். கழுத்தில் படும் இடத்தில் ரோஜா வேண்டாம், மல்லிகையோ சம்பங்கியோ போதும். உள்பக்கம் தட்டையாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் பட்டுப்புடவையில் கறை படாது.

அரளியைச் சாப்பாட்டு மேசைக்கும் தட்டுக்கும் பக்கத்தில் வைக்காதீங்க. அதன் பூ, இலை, பால் எல்லாமே விஷம். வாசலுக்கு வைத்தாலும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டி, கையை நன்றாகக் கழுவுங்க.

பூச்சாடிக்குப் பச்சை நுரைக்கட்டி வாங்குகிறவர்கள் அதைத் தண்ணீரில் அமுக்காமல் தானாக மூழ்க விடணும். அமுக்கினால் நடுவில் காய்ந்தே இருக்கும், அங்கே செருகிய பூ மதியத்துக்குள் வாடும். அந்தக் கட்டி மண்ணில் மக்காது, தூள் தூளாகத்தான் உடையும். அதனால் நான் சொம்பில் தண்ணீர் ஊற்றி, வாயில் குச்சிகளைக் குறுக்கே கட்டி, அதில் பூவை நிறுத்துகிறேன். செலவும் கிடையாது.

கட்டி முடித்த மாலையை ஆணியில் தொங்கவிடாமல், வாழையிலை விரித்த பெட்டியில் படுக்க வைங்க. மண்டபத்துக்குப் போகும் காரில் அதைப் பின்பெட்டிச் சூட்டில் அடைக்காமல் ஒருத்தர் மடியில் வைத்துக்கொண்டு உட்காரணும். யார் என்பதை முதல் நாளே முடிவு பண்ணிடுங்க.